"அப்போ பாட்டி நரகத்துக்கா போனாங்க?"

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எப்படியோ அங்கே போய்விடுகிறது. "எங்க கடவுளை நம்பலைன்னா நரகம்தான்" என்று கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிவிடுகிறது. அதற்கு வன்மம் ஒன்றுமில்லை, வீட்டில் கேட்டதைச் சொல்கிறது. ஆனால் நம்ம பிள்ளை ராத்திரி படுக்கையில் வந்து கேட்பது அந்தக் கடவுளைப் பற்றி இல்லை. போன வருஷம் இறந்த பாட்டியைப் பற்றி.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் வராது. நரகம் என்றால் நமக்கு 2005-ல் வந்த 'அந்நியன்'தான் ஞாபகம். கும்பீபாகம், கிருமிபோஜனம், அந்தகூபம் என்று விக்ரம் தண்டிப்பாரே, அந்தப் பெயர்கள் சினிமாவுக்காகக் கண்டுபிடித்தவை அல்ல, புராணங்களில் இருப்பவை. பாகவத புராணத்தின் 5-ஆம் ஸ்கந்தத்தில் 28 நரகங்களின் பட்டியலே உண்டு. பறவையையும் விலங்கையும் உயிரோடு சமைப்பவருக்குக் கும்பீபாகம். கிடைத்ததைப் பகிராமல் தான் மட்டும் தின்பவருக்குக் கிருமிபோஜனம்.

படிக்கவே பயமாக இருக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று அந்த அத்தியாயத்தின் முடிவில் இருக்கிறது. தண்டனை தீர்ந்ததும் அந்த உயிர் மறுபடி பூமிக்கு வந்து பிறக்கிறது. அதாவது, எவ்வளவு கொடிய நரகமானாலும் வெளியே வர வழி உண்டு.

இதை வைத்துக்கொண்டு "எங்க மதத்துல யாரையும் நரகத்துக்கு அனுப்ப மாட்டோம்" என்று பிள்ளைக்குப் பெருமை பேசிவிடாதீர்கள். வேத வழியை விட்டு விலகுபவர்களுக்கும் அதே பட்டியலில் ஒரு நரகம் இருக்கிறது. சில உயிர்களுக்கு முடிவில்லாத இருள்தான் என்று 13-ஆம் நூற்றாண்டில் மத்வர் சொன்னார். மற்ற வேதாந்த ஆசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே மரபுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

திருவள்ளுவர் நரகத்துக்கு எடுத்துக்கொண்ட சொல் 'அளறு'. அளறு என்றால் சேறு. எரிகிற நெருப்பை விட, காலை வைத்தால் உள்ளே இழுக்கிற சேற்றைப் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது எளிது. தப்பு செய்துவிட்டு அதிலேயே மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

சரி, அந்த நண்பனின் வீட்டு நம்பிக்கை என்ன? இயேசு நரகத்தைக் குறிக்கச் சொன்ன 'கெஹென்னா' ஒரு நிஜமான இடத்தின் பெயர்: ஜெருசலேமுக்குப் பக்கத்தில் உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் அங்கே குழந்தைகளை நெருப்பில் பலி கொடுத்தார்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி கண்டித்த இடம் அது. அங்கே இன்றும் நடந்து போகலாம்.

பெரும்பாலான திருச்சபைகள் முடிவில்லாத தண்டனை உண்டு என்றே போதித்து வந்திருக்கின்றன. ஆனால் எல்லோரும் இல்லை. செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார், தீயவர்கள் என்றென்றும் எரிவதில்லை, இறுதியில் இல்லாமலே போய்விடுவார்கள் என்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸாவின் கிரகோரியார், கடைசியில் எல்லோரையும் கடவுள் மீட்டுக்கொள்வார் என்று நம்பினார். போப் இரண்டாம் ஜான் பால் 1999-ல், நரகம் ஓர் இடம் என்பதை விட, கடவுளைத் தானாகவே விட்டு விலகிப்போன நிலை என்று விளக்கினார். நம்ம பாட்டி விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது: தங்கள் தவறு எதுவும் இல்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போனவர்கள், உண்மையான மனதோடு கடவுளைத் தேடினால், அவர்களுக்கும் மீட்பு கிடைக்கலாம்.

இஸ்லாத்தில் 'ஜஹன்னம்' என்பார்கள். அந்தச் சொல்லும் அதே இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்து வந்ததுதான். பாவம் செய்த முஸ்லிம்கள் தண்டனை முடிந்து வெளியே வருவார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நபியின் செய்தி சரியாகப் போய்ச் சேராதவர்களுக்கு இறைவனின் கருணை உண்டு என்று இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். அவர் 1111-ல் மறைந்தவர்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஹாவ் பார் வில்லா தெரிந்திருக்கும். அங்கே சீன மரபின் பத்து நரக மன்றங்களைச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். பத்தாவது மன்றத்தில் பழசை மறக்க ஒரு பானம் குடித்துவிட்டு மறுபிறவிக்குப் போக வேண்டும். அங்கேயும் வெளியே வர வழி இருக்கிறது.

நரகமே கிடையாது, மனிதனைப் பயமுறுத்தக் கட்டிய கதை என்பதும் பெரியார் வழி வந்த பல தமிழ்க் குடும்பங்களின் நேர்மையான பதில்தான்.

இத்தனையையும் பிள்ளையிடம் கொட்ட வேண்டாம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேவை ஒரு வரிதான்: "பாட்டிக்கு ஒண்ணும் ஆகலடா கண்ணா, அவங்க எல்லார்கிட்டயும் அன்பா இருந்தவங்க." உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால், "பாட்டிக்கு இப்போ எந்த வலியும் இல்லை" என்று சொல்லுங்கள், அது பொய்யாகாது. பத்து வயதானால், "இதுல பெரியவங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை" என்று சொல்லி, மேலே உள்ளதில் ஒன்றிரண்டைச் சொல்லலாம். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் மூன்று கேள்வி கொடுத்துவிடுங்கள்: யார் போறாங்க, எதுக்காகப் போறாங்க, எவ்வளவு நாள்? எந்த மதத்தையும் இந்த மூன்றை வைத்து அவர்களே படித்துப் பார்ப்பார்கள்.

நண்பனிடம் திருப்பிச் சொல்லவும் ஒரு வரி வேண்டும்: "உங்க வீட்ல அப்படி நம்புறீங்க, எங்க வீட்ல வேற மாதிரி." சண்டை இல்லை, அடங்கிப் போவதும் இல்லை. அதற்கு மேலும் தொந்தரவு வந்தால் ஆசிரியரிடம் பேசுவது நம்ம வேலை.

கடைசியாக நம்ம வீட்டுப் பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று நாமும்தான் சொல்கிறோம். பயத்தைக் காட்டிப் பிள்ளையை அடக்குவது அந்த நண்பன் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பொய் சொன்னால் யாருக்கு என்ன வலிக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். சாமி யார் கண்ணையும் குத்த வேண்டியதில்லை.