மயில் இல்லாத மயில் கழுத்து

காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் மயில் இரண்டு விதமாக வரும். ஒன்று, கரையிலோ முந்தியிலோ சரிகையில் நிற்கிற மயில். கொண்டை, அலகு, தோகை எல்லாம் இருக்கும், நிறம் மட்டும் தங்கம். இன்னொன்று புடவையின் உடலில் இருக்கிறது. அங்கே பறவையே கிடையாது, ஒரு புட்டாகூட இருக்காது. ஆனால் துணியை லேசாகத் திருப்பினால் நீலம் பச்சையாகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி நீலம். கடையில் அதற்குப் பெயர் மயில் கழுத்து.

எனக்கு இந்த இரண்டாவது மயில்தான் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. இயற்கையைப் பார்த்து வடிவமைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பானின் புல்லட் ரயிலுக்கு மூக்கு வைத்த கதையைச் சொல்வார்கள். நல்ல கதைதான். நம்ம ஊர்த் தறியில் அதே வகைக் காரியம் நடந்துகொண்டிருக்கிறது, அதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏன் சேர்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பறவை. மயிலின் கழுத்தில் நீலச் சாயம் எதுவும் இல்லை. 1665-ல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா'விலேயே ராபர்ட் ஹூக் இதைக் கவனித்துவிட்டார். மயிலிறகைத் தண்ணீரில் நனைத்தால் அந்த நிறங்கள் மறைந்துபோகின்றன என்று எழுதினார். சாயமாக இருந்தால் நனைத்ததும் போய்விடாதே. நம்மூர் சி. வி. ராமனும் 1934-ல் பறவை இறகுகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார்; அவர் எடுத்துக்கொண்டது பனங்காடை. மயிலைப் பொறுத்தவரை, 2003-ல் சீனாவின் ஃபுதான் பல்கலைக்கழகத்தார் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்கள். இறகின் நுண்கிளைகளுக்குள் மெலனின் குச்சிகள் கட்டம் கட்டமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. குச்சிக்கும் குச்சிக்கும் உள்ள தூரம் நீலப் பகுதியில் சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் சுமார் 150. அவ்வளவுதான் வித்தியாசம். மெலனின் என்பது நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே பொருள். கறுப்புப் பொருளை வைத்துக்கொண்டு, அடுக்குகிற விதத்தால் மட்டும் நீலத்தையும் பச்சையையும் காட்டுகிறது மயில்.

இனி தறி. தாமல் தெரியும்தானே? காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், பெரிய ஏரியும் வராகீஸ்வரர் கோயிலும் உள்ள ஊர். அங்கே ஒரு வீட்டில் குழித்தறிப் பக்கத்தில் உட்கார்ந்து மயில் கழுத்து உடல் ஓடுவதை அரை நாள் பார்த்திருக்கிறேன். தறியில் மயில் கழுத்து நிற நூல் ஒன்றுகூட இல்லை. பாவு முழுக்க நீலம், நாடாவில் பச்சை. "இந்தக் கலர சாயத்துல போட முடியாதுங்க சார், தறியிலதான் போட முடியும்" என்றார் நெய்தவர்.

அது எப்படி நடக்கிறது? பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். கண்ணாடிப் பட்டை மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு நூல் வெளிச்சத்தைத் தன் நீளத்துக்குக் குறுக்கே நன்றாகச் சிதறடிக்கும், நீளவாக்கில் அவ்வளவாக அடிக்காது. பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால், நீங்கள் ஒரு பக்கமிருந்து பார்க்கும்போது பாவு மின்னும், இன்னொரு பக்கமிருந்து ஊடை மின்னும். இதோடு, ஒவ்வொரு பாவு நூலும் ஊடையின் மேல் ஏறி இறங்குகிறது. சாய்வாகப் பார்த்தால் ஒரு மேடு பக்கத்துப் பள்ளத்தை மறைக்கும். இரண்டும் சேர்ந்துதான் அந்த நிற மாற்றம். பருத்தியிலும் இதைச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அந்த இழைக்கு இந்தப் பளபளப்பு இல்லாததால் மங்கலாகத்தான் தெரியும்.

மயிலின் இயற்பியல் வேறு, தறியின் இயற்பியல் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறகில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. துணியில் சாதாரணப் பிரதிபலிப்பு மட்டும்தான், நூலில் சாயமும் உண்டு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒரு யோசனை: நிறத்தைப் பொருளில் தேடாமல் அமைப்பில் தேடுவது. மயில் செய்ததை அப்படியே செய்து பார்த்தவர்களும் உண்டு. நீல மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகைப் பார்த்து, ஜப்பானின் தெய்ஜின் நிறுவனம் மார்ஃபோடெக்ஸ் என்றொரு இழையைக் கொண்டுவந்தது. நைலானும் பாலியெஸ்டரும் மாறி மாறி 61 அடுக்கு, சாயமே இல்லாமல் நிறம். அற்புதமான வேலை. ஆனால் சந்தையில் நிற்கவில்லை, உற்பத்தி நின்றுபோனது. மயில் கழுத்து இன்னும் முகூர்த்தத்துக்கு விற்றுக்கொண்டிருக்கிறது.

புடவை கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றை இங்கே சேர்க்கலாம். கட்டும்போது பாவு இடுப்பைச் சுற்றி ஓடுகிறது, ஊடை மேலிருந்து கீழாக நிற்கிறது. கொசுவத்தின் மடிப்புகளில் பாவு வளைகிறது, ஊடை நேராக நிற்கிறது. அதனால் நீலப் பாவு பச்சை ஊடையும், பச்சைப் பாவு நீல ஊடையும் மேசையில் விரித்தால் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கட்டி நடக்கும்போது ஒன்றாக இருக்காது. எதைப் பாவில் போடுவது, எதை நாடாவில் போடுவது என்பதுதான் இதில் கற்பனை வேலை. அதைக் காகிதத்தில் வரைய முடியாது.

இந்தக் கலப்பு உடலில் வரம் என்றால் கரையில் தொல்லை. கரை அரக்கில் இருக்க வேண்டும், உடல் பச்சையாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பச்சை ஊடையை இழுத்துக்கொண்டு போனால், அரக்குக் கரையிலும் பச்சை கலந்துவிடும். கரை மங்கிப்போகும். அதைத் தடுக்கத்தான் கோர்வை. மூன்று நாடா: இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். முந்தி வேறு நிறத்தில் வேண்டுமென்றால் ஊடையை மட்டும் மாற்றினால் போதாது, பாவும் மாற வேண்டும். அதற்குப் பெட்னி. உடலின் பாவு நூல் ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவு நூலைச் சேர்த்து முறுக்குவது, ஆயிரக்கணக்கான நூல்களுக்கும். கோர்வை, பெட்னி இரண்டையும் பெரும்பாலும் 'பாரம்பரிய நுட்பம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். காரணத்தைச் சொல்வதில்லை. நிறத்தை எங்கே கலக்க விட வேண்டும், எங்கே விடக்கூடாது என்கிற தீர்மானம்தான் காரணம்.

இப்போது சரிகை மயிலுக்கு வருகிறேன். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் உருவங்களை நெய்ய அடை கட்டினார்கள். எந்த ஊடைக்கு எந்தப் பாவு நூல்கள் தூக்க வேண்டும் என்பதைக் கயிறுகளாகவே கட்டி வைப்பது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிசைப்படி அதை இழுப்பார். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு அந்த வேலையைத் துளையிட்ட அட்டைகளுக்குக் கொடுத்தார். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு இதே அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைக்குக் கணினியில் கட்டம் கட்டமாக மயிலை வரைகிறார்கள், அட்டை வெட்டுவதும் எளிதாகிவிட்டது. 240 கொக்கி போதாதென்று இன்னும் அதிகம் கேட்கிறார்கள்.

ஆக, இருநூறு வருஷத் தொழில்நுட்பம் முழுக்க உருவத்தின் பக்கமே போயிருக்கிறது. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அடை இழுக்கிற இடத்தை ஜக்கார்டு காலி பண்ணியது நல்லதுதான், லியோனிலும் இங்கேயும் அந்த இடத்தில் பெரும்பாலும் குழந்தைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். கோர்வைத் தறியில் இன்னோர் இடம் இருக்கிறது, கரை நாடாவை எறிந்து தருகிறவர் இடம். அங்கேயும் குழந்தைகளைத்தான் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடம் அவர்களை மீட்டுக்கொண்டது, அதில் யாருக்கும் குறை இருக்கக்கூடாது. ஆனால் காலியான இடத்துக்குப் பெரியவர் வந்தால் இரண்டு கூலி. கட்டுப்படியாகாமல் ஒரே நாடாவில் ஓட்டிவிடுகிறவர்களைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொறியியல் மாணவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: கொக்கிகளை விடுங்கள், கைத்தறியில் ஒருவரே மூன்று நாடாவை ஓட்டுவதற்கு மலிவாகவும் எளிதாகவும் ஒரு வழி இருக்குமா என்று பாருங்கள்.

திரையும் உருவத்தின் கட்சிதான். புகைப்படம் ஒரே கோணத்தில் எடுப்பது. அதில் மயில் கழுத்து வெறும் நீலப்பச்சையாகத் தட்டையாகிவிடும், சரிகை மயிலோ பளிச்சென்று விழும். படத்தைப் பார்த்து வாங்குகிற காலத்தில் எது அதிகம் நெய்யப்படும் என்று யூகிக்கலாம். உடலில் இடமே விடாமல் புட்டா நிரப்பிய புடவைகள் கூடிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் வீடியோ வந்த பிறகு கடைக்காரர்கள் புடவையின் ஓரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? வேறு வழியில்லை, இந்த நிறம் அசைந்தால்தான் தெரியும்.

வீட்டில் ஒரு பழைய பட்டு இருந்தால் இரண்டு காரியம் செய்து பாருங்கள். கரையும் உடலும் சேருகிற இடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பின்னல் ஒரு கோடாகத் தெரிந்தால் கோர்வை. உடலின் ஊடை நிறமே கரைக்குள்ளும் ஓடினால் ஒரே நாடா. அப்புறம் உடலைச் சன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கி, முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்குவாக்கிலும் சாய்த்துப் பாருங்கள். மாந்துளிர் நிறம் என்று சொல்லி வாங்கியதில் சிவப்பு ஒரு பக்கமும் பச்சை ஒரு பக்கமும் வெளியே வரலாம். தாமல் தறியில் பாவு தீரப்போகிற இடத்தில், புடவையை அறுத்த பிறகு மிஞ்சுகிற நாலு விரல் நீளத்தில், அவர் வேறு வேறு நாடா போட்டுப் பார்ப்பார். அதே நீலப் பாவின் மேல் சிவப்பு ஓடியபோது கத்திரிப்பூ வந்தது. மஞ்சள் ஓடியபோது இரண்டு பேருக்கும் பெயர் தெரியாத ஒரு நிறம் வந்தது. அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டார்.