பரிசல் ஏற்றும் கேரியர்: எந்தக் குழாயை எப்போது மாற்றுவது?

மீன்கரை, சுள்ளியாறு அணைப் பக்கம் பரிசல் ஏற்றிப்போகும் ஜீப்பின் கேரியரே மாங்காய்க் காலத்தில் கூடையும் ஏணியும் சுமக்கிறது. கேரளத்து முதலமடையில் ஒரு கேரியருக்கு ஓய்வே கிடையாது. அதன் குறுக்குக் குழாய் தேய்ந்தால் என்ன செய்வது? அடிக்கடி எழும் சந்தேகங்கள் இவை.

குழாய் நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. நிமிர்த்திப் போட்டால் போதாதா?

போதாது. ஒருமுறை மடங்கிய இரும்பு அதே இடத்தில் மறுபடி மடங்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை அல்ல, கிளாம்ப் பிடிக்கும் இரு முனைகளை. வண்டி குலுங்கும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடம்தான். முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடி விழுந்துவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி, குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். அலுமினியக் குழாயில் இரும்பு போல்ட் இருக்குமிடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அங்கே அரிப்பு தொடங்கிவிட்டது.

பட்டறையில் வெல்டிங் வைத்தால்?

மெலிந்த குழாயில் வெல்டிங் நிற்காது. துத்தநாகப் பூச்சும் கருகிப்போவதால், வைத்த இடத்தை ஒட்டியே அடுத்த விரிசல் விழும். புதுக் குழாய்தான் வழி. முன், பின் குறுக்குக் குழாய்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று வளைந்து கொடுக்க மற்றது விறைப்பாக நின்றால், பாரம் சரிசமமாக இறங்காது. கிளாம்பின் அடி ரப்பரையும் போல்ட்டையும் பழையதாக விட்டுவிட்டால் செலவு வீண்.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

வண்டியோடு வந்த கையேட்டில் கூரைக்கான வரம்பு இருக்கும். கேரியரின் சொந்த எடையும் அதில் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடையைவிடக் காற்றுதான் ஆபத்து. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் காற்றின் விசை நான்கு மடங்காகும். பரிசலைக் கவிழ்த்து, முன்விளிம்பு தூக்காதபடி வையுங்கள். குழாயில் மட்டும் கட்டாமல், முன்னும் பின்னும் வண்டியின் இழுவைக் கொக்கிக்கும் கயிறு போட வேண்டும். குழாயே கழன்றாலும் பரிசல் பறக்காது. நைலான் கயிறு நனைந்தால் தளரும். நாடா பெல்ட் மேல்.

அபராதம் வருமா?

பொலேரோ ஜீப்பின் அகலம் சுமார் 1.75 மீட்டர். இரண்டு மீட்டர்ப் பரிசல் இருபக்கமும் துருத்தும். 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி, வரம்பு மீறித் துருத்தும் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். இறக்கும் கூலியும் நம் தலையில்தான். ஆகவே கூரையில் சிறிய பரிசல் மட்டும் போகட்டும். பெரியதைப் பிக்கப்பில், பாடியைத் தாண்டாமல் சாய்த்து நிறுத்திக் கொண்டுபோகலாம்.

பறம்பிக்குளம் போகிறவர்களுக்கு ஒன்று. ஊர் முதலமடைப் பஞ்சாயத்துக்குள் இருந்தாலும், வண்டி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் மாநில எல்லை தாண்டினாலும் துருத்தும் பாரத்துக்கான விதி மாறாது. அங்குள்ள புலிகள் காப்பகத்தின் நீரில் சொந்தப் பரிசலை வனத்துறை அனுமதியின்றி இறக்கவும் முடியாது.

புதுக் குழாய் மாட்டியபின் போல்ட்டை எப்போது முறுக்கிப் பார்ப்பது?

பாரம் ஏற்றிச் சில கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை. அதன்பின் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும்.