ஒரு நாட்டில் நின்ற இன்னொரு நாட்டின் ஸ்டேஷன்

சிங்கப்பூர் துறைமுகத்தை ஒட்டி, கெப்பல் ரோட்டில் நிற்கிறது தஞ்சோங் பகார் ரயில் நிலையம். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. அதன் பிறகும் இந்தக் கட்டடமும், இங்கிருந்து வடக்கே போன தண்டவாளமும் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தன. காரணம், 1918இல் வெள்ளைக்கார அரசு போட்ட சட்டம். ரயில்வே நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

1932 மே மாதம் திறக்கப்பட்ட நிலையம் இது. முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என நான்கு பளிங்குச் சிலைகள். உள்ளே அண்ணாந்து பார்க்கவைக்கும் வளைகூரை. பக்கச் சுவர்களில் நெல் வயல், ரப்பர் மரம், வெள்ளீயச் சுரங்கம், மாட்டுவண்டி என்று அன்றைய மலாயாவே விரியும். அந்த ஓவியங்களைச் செய்தது ரப்பர் ஓடுகளால்! மலாயாவின் செல்வம் எதிலிருந்து வந்ததோ, அதிலேயே.

அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தண்டவாளம் போட்ட கூலிகளிலும் நம்மவர்கள் ஏராளம்; ரயில்வே அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் ஏராளம்.

இந்த ரயில்வே நிலம் குறித்து இரு நாடுகளுக்கும் இருந்த தகராறு முற்றியபோது ஒரு விநோதம் நடந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா மாற்ற மறுத்தது. ஆகவே பயணி தஞ்சோங் பகாரிலேயே மலேசியாவுக்குள் 'நுழைந்து' ரயிலேறுவார்; உட்லண்ட்ஸ் போய்த்தான் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறுவார்'!

ரயில்வே நிலம் குறித்து இரு நாடுகளும் 1990இல் போட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2010இல்தான் முடிவுக்கு வந்தது. 2011 ஜூன் 30 இரவு, இந்த நிலையத்திலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டிச் சென்றார். 1923இல் ஜோகூர் பாலத்தில் முதன்முதலாக ரயில் ஓடியபோது ஆட்சியில் இருந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. வழிநெடுக ஜனங்கள் திரண்டு நின்று கையசைத்து வழியனுப்பினார்கள்.

அந்த 2011 ஏப்ரலிலேயே நிலையத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார்கள். பழைய ரயில் பாதை இப்போது 24 கிலோமீட்டர் பசுமை நடைபாதை. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அந்த மண்டபம் காசு கொடுத்து நுழையும் இடமாகிவிடக் கூடாது. இந்தப் பாதையைப் போட்டு, பராமரித்து, ஓட்டிய தொழிலாளர்களின் வரலாற்றுக்கும் அங்கே ஒரு சுவர் ஒதுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வீடுகளில் ரயில்வே தாத்தாக்களின் புகைப்படங்களோ பணி ஆவணங்களோ இருந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.