படத்தில் பார்த்து, கடலிலும் பார்க்கட்டும்



"எங்களுக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருது, பிள்ளைக்கு அறிவியல் எப்படிச் சொல்றது?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறோம். சின்னப் பிள்ளைக்குப் படப் புத்தகம் போதும். நாம் வாசிக்க வேண்டாம், கேள்வி கேட்டால் சரி.

ராமேஸ்வரத்தில் 5-ம் வகுப்பு படித்த அப்துல் கலாமுக்குப் பறவை பறக்கும் விதத்தை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். அதோடு விடாமல் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நிஜப் பறவைகளையே காட்டினார்.

நாமும் அப்படிச் செய்யலாம். கடல்பசு (நம்ம ஆவுளியாதான்) படத்தைக் காட்டி, "இது மீனா?" என்று கேளுங்கள். மீன் என்றுதான் பிள்ளை சொல்லும். செவுள் இருக்கா, செதில் இருக்கா என்று தேடச் சொல்லுங்கள். இருக்காது. ஆவுளியா கடல்புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும். வலையில் சிக்கினால் மேலே வரமுடியாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இது தெரிந்த பிள்ளை, "உடனே அவிழ்த்து விடுங்கப்பா" என்று வீட்டில் சொல்லும். பாக் விரிகுடாவில் இதற்கென்றே 2022-ல் காப்பகம் அறிவித்தார்கள்.

மீனையும் பாசியையும் பற்றி நமக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் தொடங்கிய 'துளிர்' இதழ் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. குழுவுக்கு நாலு புத்தகம் வாங்கி வீடுவீடாகச் சுற்றவிடலாம். கிழிந்தால் பிள்ளையை அடிக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம்.