கட்டையில் முளைக்கும் மஞ்சள் நாக்குகள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள், உத்தமபாளையத்தில் முல்லைப் பெரியாற்றங்கரைத் தோப்புகளில் கிடக்கும் பழைய மரக்கட்டைகளைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பட்டை உரிந்த கட்டையின் வெடிப்புகளில், வரிசை பிடித்தாற்போல, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கக் காணலாம். உயரம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான். தொட்டால் வழவழக்கும், அழுத்தினால் ரப்பர் போல் வளையும். வெயில் அடித்தால் சுருங்கி, செந்நிறக் கொம்பு போல் இறுகிவிடும். செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள்! ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு வையுங்கள். நீரை உறிஞ்சி மீண்டும் பழைய உருவம் பெறும்.

இது ஜெல்லிப் பூஞ்சை வகையைச் சேர்ந்தது. இதன் இழைகளைச் சுற்றி நீரைப் பிடித்து வைக்கும் கூழ்ப்பொருள் இருக்கிறது. அதனால்தான் இந்த வழவழப்பு. டாக்ரியோபினாக்ஸ் ஸ்பதுலேரியா என்பது இதன் விஞ்ஞானப் பெயர். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். ‘டாக்ரியோ’ என்றால் கிரேக்க மொழியில் கண்ணீர். ‘ஸ்பதுலா’ என்பது தட்டைக் கரண்டி. 1822-இல் ஷ்வைனிட்ஸ் என்பவர் வட அமெரிக்காவில் இதைக் கண்டு வேறொரு பேரினத்தில் சேர்த்தார். 1948-இல் மார்ட்டின் என்பவர் இதை இன்றைய பேரினத்துக்கு மாற்றினார்.

மஞ்சள் ஜெல்லியெல்லாம் இதுதானா? இல்லை. டிரெமெல்லா மெசென்டெரிக்கா என்று இன்னொன்று உண்டு. அது மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆனால் இளம் பருவத்தில் இரண்டுமே வெறும் மஞ்சள் பொட்டுதான். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஏமாந்துபோவோம். இவற்றின் வாழ்க்கையோ முற்றிலும் வேறு. நம் மஞ்சள் நாக்கு மரத்தைத் தின்கிறது. டிரெமெல்லா மரத்தைத் தொடுவதேயில்லை. மரத்தைத் தின்னும் வேறொரு பூஞ்சையின் இழைகளில் ஒட்டுண்ணியாக வாழ்கிறது. திருடனிடமே திருடுவது என்பது இதுதான்!

பிரித்தறியும் வழி நுண்ணோக்கியில் இருக்கிறது. பூஞ்சையின் மேற்பரப்பில் வித்துகளைத் தாங்கும் நுண்ணிய உறுப்புக்குப் பசிடியம் என்று பெயர். டிரெமெல்லாவின் பசிடியம் நெடுக்குவாட்டில் நான்கு அறைகளாகப் பிரிந்திருப்பதை 1853-இல் பிரான்சைச் சேர்ந்த டுலான் விளக்கினார். மழைக்காலத்தில் அடிமரங்களில் தொங்கும் மரக்காதுக் காளானில் குறுக்குச் சுவர்கள் இருக்கும். மஞ்சள் நாக்கிலோ பசிடியம் கவட்டை போல் இரண்டாகக் கிளைத்து நிற்கும். கிளைக்கு ஒரு வித்து வீதம் இரண்டே வித்துகள். உண்டிவில் செய்ய வெட்டும் கவட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆய்வகத்திலேயே இதைப் பார்க்கலாம். நனைந்த நாக்கின் விளிம்பிலிருந்து பிளேடால் மிக மெல்லிய சீவல் எடுத்து, நீர்த்துளியில் வைத்து, மூடுவில்லையைப் பென்சில் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். 400 மடங்கு உருப்பெருக்கம் போதும். ஒளித்துளையைக் குறைத்து வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் நிறமற்ற பசிடியங்கள் மறைந்துவிடும். இதில் பலர் தவறுகிறார்கள். அதோடு, சீனாவில் இதை உண்கிறார்களே என்று வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். நிறத்தை நம்பி எந்தக் காளானையும் தின்னக் கூடாது.

இத்தனை பாடு எதற்கு? மஞ்சள் நாக்கு, மரத்திலுள்ள செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. எஞ்சும் மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இதைப் பழுப்பு அழுகல் என்பர். தோப்பில் கிடக்கும் கட்டைக்கு இது நல்லதே; மண்ணுக்கு மக்கு சேரும். ஆனால் இந்தப் பூஞ்சை அறுத்த மரத்தையும் விடுவதில்லை. ஒழுகும் கூரையின் விட்டத்திலோ, சாரல் அடிக்கும் ஜன்னல் சட்டத்திலோ இது தலைகாட்டினால் சுரண்டி எறிவதில் பயனில்லை. வெளியே தெரிவது வித்துக்கான பகுதி மட்டுமே; தின்னும் இழைகள் மரத்துக்குள் பரவியிருக்கின்றன. பேனாக்கத்தியால் அங்கே குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால், அந்த விட்டத்தின் அடியில் யாரும் உட்கார வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.