பரிசு பெற்ற ஆர்க்கிட்: பெருமை எந்தச் செடிக்கு?

ஆர்க்கிட் மலர்ச்செடிகளை வளர்ப்போர் அமெரிக்காவில் ஊர்தோறும் சங்கம் அமைத்து, மாதக் கூட்டங்களில் சிறு காட்சி நடத்துகின்றனர். அங்கத்தினர்கள் தத்தம் வீட்டில் பூத்த தொட்டியைக் கொணர்ந்து மேஜைமீது வைப்பர். சிறந்தவற்றிற்கு வண்ண நாடா அளிக்கப்படும். முதற் பரிசுக்கு நீல நாடா. இது சங்கத்திற்குள் நடைபெறும் மதிப்பீடு. இதனினும் மேலான விருது ஒன்று உண்டு. அது எதற்கு வழங்கப்படுகிறது என்பதை அறிவது, கன்றும் விதையும் விலைக்கு வாங்கும் நம் அங்கத்தினர்களுக்கும் பயன் தரும்.

1921-ல் நிறுவப்பட்ட அமெரிக்க ஆர்க்கிட் சங்கம், பயிற்சி பெற்ற நடுவர்களைக் கொண்டு இவ்விருதினை வழங்குகிறது. பொது அளவுகோலில் மலரின் வடிவத்திற்கு 30, நிறத்திற்கு 30, அளவு, இதழின் திண்மை, பூங்கொத்தின் அமைப்பு முதலிய ஏனைய குணங்களுக்கு 40, ஆக மொத்தம் 100 மதிப்பெண்கள். அதே வகையில் முன்னர் விருது பெற்ற மலர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்ட பின்னரே மதிப்பெண் இடுவர். நடுவர்கள் இட்டவற்றின் சராசரி 75-ஐ எட்டினால் உயர் பாராட்டுச் சான்று. 80-ஐ எட்டினால் தகுதி விருது. 90-ம் அதற்கு மேலும் பெற்றால் முதல் வகுப்புச் சான்று. தம் செடிக்குத் தாமே மதிப்பெண் இட எந்த நடுவருக்கும் உரிமை இல்லை.

இங்கு நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விருது அந்த ஒரு செடிக்கே உரியது. அதன் இனம் முழுவதற்கும் உரியதன்று. ஆகவே விருது பெறும் செடிக்குத் தனிப்பெயர் ஒன்று சூட்டப்படுகிறது. பெயர்ச்சீட்டில் இனத்தின் பெயர், கலப்பின் பெயர், தனிப்பெயர், விருதுக் குறி ஆகியவை வரிசையாக அமையும்.

லண்டனிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம் அமெரிக்கருக்கு முன்பிருந்தே இத்தகைய சான்றுகளை வழங்கி வந்தது. இங்கிலாந்தில் வெஸ்டன்பர்ட் தோட்டத்தில் உண்டான 'அலெக்ஸாண்டரி' என்னும் சிம்பிடியம் கலப்பு 1911-ல் பதிவாயிற்று. அக்கலப்பில் பிறந்த செடிகள் பல. எனினும் 1922-ல் முதல் வகுப்புச் சான்று பெற்றது 'வெஸ்டன்பர்ட்' என்னும் ஒரு செடியே. அதன் குரோமோசோம்கள் வழக்கமான எண்ணிக்கையினும் இருமடங்காக இருந்தமை பின்னர் அறியப்பட்டது. பிற்காலத்துச் சிறந்த சிம்பிடியங்கள் பல அதன் வழி வந்தவை.

பரிசு பெற்ற செடியின் விதையை முளைக்க வைத்தால் அதே மலர் கிடைக்குமா? கிடைக்காது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் தூசி போன்ற விதைகள் ஆயிரமாயிரமாக இருக்கும். கலப்பினமாயின், முளைக்கும் செடிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. தாயின் குணம் மாறாது வர வேண்டுமாயின் தூர் பிரித்து நட வேண்டும். 1960-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் மொரேல், சிம்பிடியத்தின் குருத்து நுனியிலிருந்து செடிகளை உண்டாக்கலாம் எனக் காட்டிய பின்னர், அரிய செடிகளைப் பெருக்குவது எளிதாயிற்று; விலையும் இறங்கிற்று. இம்முறையிலும் சிற்சில கன்றுகள் மாறுபடுவதுண்டு.

ஒட்டு மாங்கன்றுக்கும் கொட்டையிட்டு முளைத்த கன்றுக்கும் உள்ள வேற்றுமையை நாம் நன்கறிவோம். அதுவே இங்கும். பரிசு பெற்ற தாயின் பெயரைச் சொல்லி விதைக்கன்றினை விற்பது முறையாகாது. வாங்குவோரும், 'இது தாயின் பிரிவா, விதைக்கன்றா?' என்று கேட்டு, பெயர்ச்சீட்டில் எழுதச் செய்தல் வேண்டும். சீட்டுத் தொலைந்தால், எத்தனை அழகாய்ப் பூப்பினும் அச்செடி விருதுப் பெயருக்கு உரிமை கோர இயலாது.

வளர்ப்பவரின் உழைப்புக்கு மதிப்பில்லையோ என்று ஐயுற வேண்டுவதில்லை. செழிப்பாக வளர்த்து நிறையப் பூக்கச் செய்தவருக்கெனத் தனியே வளர்ப்புத்திறன் சான்று உண்டு. அது செடியைச் சேராது, வளர்த்தவரையே சேரும். செடியின் பிறவிக் குணம் வேறு, வளர்த்த கையின் திறம் வேறு என்று பிரித்தறிந்து, இரண்டிற்கும் உரிய மதிப்பளிக்கும் இம்முறை, தரம் பார்த்து விளைபொருள் வாங்கும் எந்தச் சங்கத்திற்கும் ஏற்றதென்பது நம் கருத்து.