அருவிக்கரைக் குரங்குகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்?

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கியதும் குற்றாலம் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் பெருகுகிறது. அக்கூட்டத்தை நாடி நாட்டுக் குரங்குகளும் சாலையோரத்திற்கு வந்துவிடுகின்றன. அவை பையைப் பறிப்பதைச் சேட்டை என்கிறோம். அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே.

பலன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடம் இதனை நுணுகி ஆராய்ந்து, ஃபெர்ஸ்டருடன் இணைந்து 1957இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். குறித்த இடைவெளிக்குப் பின்னரே தீனி கிடைக்கும் என்றால், அந்நேரம் நெருங்க நெருங்கவே புறா விரைந்து கொத்தும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி என்று தெரியாதபோதோ ஓயாமல் கொத்தும். ஹெர்ன்ஸ்டைன் 1961இல் இரண்டு விசைகளை வைத்துப் பார்த்தார். தீனி கிடைத்த விகிதத்திற்கேற்பவே புறாக்கள் தம் கொத்துகளை அவற்றிடையே பங்கிட்டன.

காட்டில் அத்திப்பழம் தேடி அலைவதைவிட ஒரு பொட்டலத்தைப் பறிப்பது எளிது. பத்துப் பேர் விரட்டினாலும் பதினோராவது ஆள் வாழைப்பழம் நீட்டினால் குரங்கு சளைக்காது. எல்லாரும் கொடுப்பதை நிறுத்தினால், தொடக்கத்தில் அதன் மூர்க்கம் கூடவும் கூடும். அப்போது அஞ்சிப் பழத்தை எறிபவர் அந்த மூர்க்கத்திற்கே பரிசளிக்கிறார். (பேரப்பிள்ளைகளின் அடத்தைச் சமாளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

நோயாளியைப் பார்க்க வந்து, அப்படியே அருவிக்கும் செல்லும் உறவினர்கள் தின்பண்டத்தைப் பைக்குள் மூடி வையுங்கள். குரங்கை உற்றுப் பார்க்காமலும் பல்லைக் காட்டாமலும் மெல்ல விலகுங்கள். பறித்துவிட்டால் இழுபறி வேண்டா. கடி பெரும்பாலும் அதில்தான் நேர்கிறது.

கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ தடவாதீர்கள். ரேபிஸ் நாய்க்கடியால் மட்டும் வருவதன்று. குரங்குக் கடிக்கும் தடுப்பூசி தேவை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், பின்னர் 3, 7, 28ஆம் நாள்களிலும் ஊசி உண்டு. இரத்தம் கசிந்த காயத்திற்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துச் செலுத்துவோம். 28ஆம் நாளுக்குள் காயம் ஆறியிருக்கும், ஊருக்கும் திரும்பியிருப்பீர்கள். அங்குள்ள மருத்துவமனையிலேனும் அந்தக் கடைசி ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.